புல் இன்ஷூரன்ஸ் கட்டியும் வெள்ளத்துக்குக் காசு இல்லையாம்: வீடு, வாகனக் காப்புறுதி பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வெள்ளவத்தை வாசி

எல்லோருக்கும் வணக்கம். கொலன்னாவையில் இருக்கும் என் மச்சானுக்காக இதை எழுதுகிறேன். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா சூறாவளி மழையில் களனி கங்கை பெருகியபோது அவர் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தது. வாசலில் நின்ற கார் சீட் வரை மூழ்கிப்போனது. லீசிங்கில் எடுத்த கார். வருடம் தவறாமல் புல் இன்ஷூரன்ஸ் (முழுக் காப்புறுதி) கட்டி வந்தவர். ஆனால் கம்பனி கையை விரித்துவிட்டது. அவருடைய பொலிசியில் வெள்ளம் சேர்க்கப்படவில்லையாம்.

வீட்டுக் கதை வேறு. வங்கிக் கடன் எடுத்தபோது வங்கியே ஒரு காப்புறுதி எடுக்கவைத்தது. அதில் வெள்ளம் இருக்கிறது. ஆனால் சுவருக்கும் தரைக்கும் மட்டும் தருவார்களாம். அதிலும் ‘சராசரி விதி’ என்று சொல்லி ஏறக்குறைய பாதியை வெட்டிவிட்டார்கள். பிரிட்ஜ், வோஷிங் மெஷின், அலுமாரி, பிள்ளைகளின் புத்தகங்கள் எதற்கும் ஒரு சதம் இல்லை.

கட்டவேண்டிய பணத்தை ஒழுங்காகக் கட்டிய மனிதர். இப்போது என் பொலிசியில் என்ன இருக்கிறது என்று எனக்கே பயமாக இருக்கிறது. விபரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள்.

களனிக்கரை

மச்சான் குடும்பத்துக்கு என் ஆறுதல். நாங்கள் வெல்லம்பிட்டி. 2016 மே வெள்ளத்தில் உம்மா வீட்டின் கீழ்த்தட்டு முழுக்கத் தண்ணீருக்குள் இருந்தது. அதன்பிறகு காப்புறுதி எடுக்கப் போனபோது முகவர் கேட்ட முதல் கேள்வி, முன்பு இங்கே வெள்ளம் வந்திருக்கிறதா என்பதுதான். இல்லை என்று போட்டால் கட்டுப்பணம் (பிரீமியம்) குறையும் என்று அவரே சொன்னார். வாப்பா மறுத்துவிட்டார். உள்ளதை உள்ளபடி எழுதினோம். கட்டுப்பணம் கூடியது, பிடித்தமும், அதாவது ஒவ்வொரு இழப்பிலும் நாங்களே ஏற்கவேண்டிய தொகையும், கூடியது. ஆனால் இந்த முறை தண்ணீர் வந்தபோது, மறைத்தீர்கள் என்று எங்களை ஒருவரும் கேட்கமுடியவில்லை. தாமதித்தாலும் காசு வந்தது.

விண்ணப்பப் படிவத்தை முகவர் நிரப்பினாலும் கையெழுத்து நம்முடையது. அதை மட்டும் யாரும் மறக்கவேண்டாம்.

ஓய்வுபெற்ற கிளெய்ம்காரர்

தம்பி வெள்ளவத்தை வாசி, நான் நீண்ட காலம் ஒரு கம்பனியின் இழப்பீட்டுப் பகுதியில் இருந்தவன். உங்கள் மச்சானைப் போன்றவர்கள் என் மேசைக்கு முன்னால் அழுததைப் பார்த்திருக்கிறேன். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

பொலிசி என்று தரும் கட்டில் இரண்டு பகுதி இருக்கும். ஒன்று அச்சடித்த சிறுபுத்தகம். அது எல்லோருக்கும் பொது. மற்றது உங்கள் பெயர், வாகன இலக்கம், தொகை எல்லாம் போட்ட அட்டவணை. ஒன்றோ இரண்டோ பக்கம்தான். உங்களுக்கு என்ன உண்டு, என்ன இல்லை என்பதை அந்தத் தாள்தான் தீர்மானிக்கிறது.

காருக்கான முழுக் காப்புறுதியின் அடிப்படை நான்கு விஷயம்: மோதல், தீ, களவு, மூன்றாம் தரப்புக்கு நாம் செய்யும் சேதம். வெள்ளம் உட்பட இயற்கை அனர்த்தம், கலகமும் வேலைநிறுத்தமும், பயங்கரவாதம், முன்கண்ணாடி, ஏயார்பேக், இழுத்துச் செல்லும் செலவு இவையெல்லாம் பெரும்பாலும் தனித்தனியாகச் சேர்க்கப்படுபவை. ஒவ்வொன்றுக்கும் அட்டவணையில் ஒரு வரி, பக்கத்தில் ஒரு தொகை இருக்கும். வரி இல்லாவிட்டால் காப்பு இல்லை. புதுப்பிக்கும் நேரம் நாம் பேரம் பேசுகிறோம், அடுத்த கம்பனி குறைவாகத் தருகிறது என்கிறோம். முகவர் ஒரு வரியை எடுத்துவிட்டு விலையைக் குறைத்துத் தருகிறார். நமக்கும் சந்தோஷம். வெள்ளம் வரும்வரை அந்த வரி போனது தெரியாது.

கலகம் பற்றிய வரியைத் தனியாகச் சொல்லவேண்டும். 1983 ஜூலையில் வீடும் கடையும் எரிந்ததைப் பார்த்த சனம் நாங்கள். 1987இல் அரசு இதற்கென்றே ஒரு நிதியத்தை ஏற்படுத்தியது. இன்று அது தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் கையில் இருக்கிறது. நீங்கள் எந்தக் கம்பனியில் எடுத்தாலும் இந்தக் காப்பு பொதுவாக அங்கேதான் போய்ச் சேரும். 2022 மே 9 அன்று நாட்டின் பல இடங்களில் வீடுகளும் வாகனங்களும் எரிந்தன. அந்த வரி இருந்தவர்களுக்கு இழப்பீடு கேட்க ஒரு வழி இருந்தது, இல்லாதவர்களுக்கு அதுவும் இல்லை. கட்டுப்பணத்தில் இதன் பங்கு பெரிதில்லை. தயவுசெய்து யாரும் இதை எடுத்துவிடாதீர்கள்.

சராசரி விதியை இரவு எழுதுகிறேன். அதுதான் இப்போது ஆட்களைக் கொல்கிறது.

கிராண்ட்பாஸ் கராஜ்

ஐயா சொன்னதோடு ஒரு விஷயம். வெள்ளத்தில் நின்ற வண்டியை, அட்டவணையில் வெள்ளம் இருந்தாலும், ஸ்டார்ட் பண்ணாதீர்கள். தண்ணீர் வடிந்ததும் ஓடுகிறதா என்று சாவியைத் திருப்பிப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் வேலை. எஞ்சினுக்குள் காற்று போகும் குழாயால் தண்ணீர் புகுந்திருந்தால், பிஸ்டன் மேலே வரும்போது தண்ணீர் நசியாது. கனெக்டிங் ரொட் வளையும், சிலவேளை புளொக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வரும். நான் கழற்றிய ஒரு எஞ்சினில் ரொட் வில்லாக வளைந்து கிடந்தது. சீட்டும் வயரிங்கும் மட்டும் போயிருந்த வண்டி அது, சாவியைத் திருப்பியதால் எஞ்சினும் போனது.

அப்புறம் மதிப்பீட்டாளர் வந்து, வெள்ளத்தால் வந்த சேதம் வேறு, நீங்கள் ஸ்டார்ட் பண்ணியதால் வந்த சேதம் வேறு என்று பிரிப்பார். எஞ்சின் செலவு உங்கள் தலையில் விழும். பெற்றரி வயரைக் கழற்றுங்கள், கியரை நியூட்ரலில் போட்டுத் தள்ளி மேட்டுக்குக் கொண்டுபோங்கள், தண்ணீர் எந்த மட்டத்தில் நின்றது என்று கதவில் தெரியும் சேற்றுக்கோட்டைப் படம் எடுங்கள், ஹொட்லைனுக்கு அடியுங்கள். ஹைபிரிட் வண்டி என்றால் பெற்றரிப் பக்கம் கையே வைக்கவேண்டாம், உயர் மின்னழுத்தம்.

பேஸ்லைன் வீதியில் முழங்கால் தண்ணீருக்குள்ளால் ஓட்டிக்கொண்டு போகிறவர்களுக்கும் இதே கதைதான். முன்னால் போகும் பஸ்ஸின் அலை பொனட்டுக்கு மேலால் வரும்.

வெள்ளவத்தை வாசி

நன்றி அண்ணா. மச்சான் ஸ்டார்ட் பண்ணவில்லை, தள்ளித்தான் எடுத்திருக்கிறார். ஐயா, சராசரி விதிக்காகக் காத்திருக்கிறேன்.

ஓய்வுபெற்ற கிளெய்ம்காரர்

சரி, கணக்காகவே பார்ப்போம்.

உங்கள் காரின் இன்றைய சந்தை விலை 80 இலட்சம் என்று வைப்போம். பொலிசியில் போட்டிருப்பது 50 இலட்சம். ஒரு மோதலில் 4 இலட்சத்துக்குத் திருத்தவேலை வருகிறது. 50 இலட்சம் வரை காப்பு இருக்கிறதே, 4 இலட்சம் முழுதாகக் கிடைக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். கம்பனி அப்படிப் பார்க்காது. எட்டில் ஐந்து பங்குக்குத்தான் நீங்கள் பணம் கட்டினீர்கள், மிச்ச மூன்று பங்கின் ஆபத்தை நீங்களே சுமக்கிறீர்கள் என்று கணக்குப் போடும். கிடைப்பது இரண்டரை இலட்சம். அதிலும் பிடித்தம் போகும்.

இது எப்படி இத்தனை பேருக்கு ஒரேயடியாக வந்தது? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2022இல் ரூபாய் விழுந்தது. 200 ரூபாயளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360ஐத் தொட்டது. வீட்டு வாசலில் நின்ற பழைய கார் ஓடாமலே விலை ஏறியது. ஆனால் பொலிசியில் இருந்த தொகையை யாரும் தொடவில்லை. தொகை கூடினால் கட்டுப்பணம் கூடுமே. 2025 பெப்ரவரியில் இறக்குமதி மறுபடி தொடங்கியபிறகு விலைகள் வேறு மாதிரி அசைகின்றன. ஆகவே ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் முன்னால் உங்கள் மொடலின் விற்பனை விலையைப் பாருங்கள். கூட்டிப் போட்டாலும் லாபம் இல்லை, இழப்பு நேர்ந்த நாளின் சந்தை விலைக்கு மேல் தரமாட்டார்கள்.

வீட்டுக்கும் இதே விதி, ஆனால் கணக்கு வேறு. கொழும்பில் வீட்டு விலையில் பெரும்பகுதி காணி விலை. காணி எரியாது. தண்ணீர் வடிந்தபிறகு இருந்த இடத்திலேயே இருக்கும். அதைக் காப்புறுதி செய்யத் தேவையில்லை. கேட்கவேண்டிய கேள்வி, இந்தக் கட்டடத்தை இன்று அத்திவாரத்திலிருந்து மறுபடி கட்ட எவ்வளவு போகும் என்பதுதான். பக்கத்தில் வீடு கட்டும் மேசன் பாஸிடம் சதுர அடிக்கு என்ன விலை என்று கேளுங்கள். அவர் 15,000 என்று சொன்னால், 1,500 சதுர அடி வீட்டுக்கு 2 கோடி 25 இலட்சம். இடிபாட்டை அகற்றும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மச்சானின் பொலிசி கடன் எடுத்த வருடத் தொகையில்தானே நிற்கிறது? சீமெந்தும் கம்பியும் டைலும் 2022க்குப் பிறகு என்ன விலைக்குப் போயின என்பது எல்லோருக்கும் தெரியும். அங்கேதான் பாதி வெட்டுப்பட்டது.

ஐந்தாம் மாடி

நான் வெள்ளவத்தையில் தொடர்மாடியில் இருக்கிறேன். காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் எங்கள் சனம் இருக்கும் வீடுகளில் பெரும்பாலானவை இப்போது தொடர்மாடிதான். ஆனால் இதைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை.

தொடர்மாடி ஆதன உரிமைச் சட்டப்படி கட்டடத்தைக் காப்புறுதி செய்யவேண்டியது முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் பொறுப்பு. அதாவது குடியிருப்பாளர்களாகிய நாங்கள் சேர்ந்த அமைப்பு. மாதாந்தப் பராமரிப்புக் கட்டணத்தில் இருந்துதான் அது போகவேண்டும். எங்கள் கட்டடத்தில் வருடாந்தக் கூட்டத்தில் நான் பொலிசியைக் கேட்டேன். கையில் தந்தபோது பார்த்தால், லிப்டும் ஜெனரேட்டரும் பொதுவான பகுதிகளும் இருந்தன, தனி வீடுகளின் உள்வேலை இல்லை. சமையலறை அலுமாரி, நிலத்தில் நாங்கள் போட்ட டைல், குளிரூட்டி எல்லாம் எங்கள் சொந்தப் பொறுப்பு.

அதனால் உள்வேலைக்கும் பொருட்களுக்கும் தனியாக ஒரு பொலிசி எடுத்தேன். எடுக்கும்போது ஒன்றைப் பிடிவாதமாகக் கேட்டேன்: என் குளியலறைக் குழாய் வெடித்து நாலாம் மாடியின் சீலிங் விழுந்தால் யார் கொடுப்பது? அதற்கு ‘மூன்றாம் தரப்புப் பொறுப்பு’ என்று வீட்டுப் பொலிசியிலும் ஒரு வரி உண்டு. தொடர்மாடியில் இருப்பவர்களுக்குத் தீயை விடத் தண்ணீர்தான் அடிக்கடி வரும் பிரச்சினை. கசிவால் மெல்ல மெல்ல ஊறிக் கெட்டதற்குத் தரமாட்டார்கள், திடீரென்று குழாய் வெடித்தால்தான் தருவார்கள். அந்த வித்தியாசத்தையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வாடகைக்கு இருக்கும் தங்கச்சிமாரே, வீட்டுக்காரரின் காப்புறுதி உங்கள் பொருட்களைக் காக்காது. 2021 கடைசியில் நாடெங்கும் காஸ் சிலிண்டர் வெடித்த நாட்களை நினைத்துப் பாருங்கள். வாடகைக்காரர்கூடத் தன் பொருட்களுக்கு மட்டும் காப்புறுதி எடுக்கலாம், அதற்குக் கட்டுப்பணமும் அதிகம் இல்லை.

களனிக்கரை

அக்கா, நகைக்கு எப்படி?

ஐந்தாம் மாடி

நகைக்குத் தனி வரம்பு உண்டு தம்பி. பொருட்களின் மொத்தத் தொகையில் ஒரு சிறு பங்குதான், அதற்கு மேல் வேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் எடை, மதிப்பீட்டுச் சான்றிதழோடு பட்டியலில் சேர்க்கவேண்டும். பலவந்தமாக உடைத்து உள்ளே வந்ததற்கு அடையாளம் இருந்தால்தான் களவு என்று ஏற்பார்கள். அலுமாரியில் இருந்தது காணாமல் போய்விட்டது என்றால் பொதுவாக இல்லை. தாலிக்கொடி வங்கிப் பெட்டகத்தில் இருப்பதுதான் எனக்கு நிம்மதி.

ஓட்டத்தில் இருப்பவன்

நான் பகலில் வேலை, பின்னேரம் பிக்மீ செயலியில் வாடகைக்கு ஓடுகிறேன். சொந்தக் கார். பொலிசியில் ‘தனிப்பட்ட பாவனை’ என்று இருக்கிறது. மோதினால் கிடைக்குமா?

ஓய்வுபெற்ற கிளெய்ம்காரர்

ஆளை ஏற்றிக் காசு வாங்கும் நேரத்தில் மோதினால் உங்கள் சொந்தக் காரின் சேதத்துக்குக் கிடைக்காது தம்பி. பாவனையை ‘வாடகை’ என்று மாற்றவேண்டும். கட்டுப்பணம் கூடும். அந்தக் கூடுதல் தொகையையும் சேர்த்துத்தான் ஓட்டத்தில் மிச்சம் பார்க்கவேண்டும். பின் சீட்டில் இருப்பவருக்கு ஏதும் நடந்தால் நினைத்துப் பாருங்கள். இன்றே போய் மாற்றுங்கள்.

காலாவதியான சாரதி அனுமதிப்பத்திரமும் அப்படித்தான். ஆட்டோ ஓட்டும் பிள்ளைகள் நண்பனிடம் வண்டியைக் கொடுக்கிறார்கள், அவனிடம் அந்த வகை வாகனத்துக்கான அனுமதி இல்லை. கிளெய்ம் அதோடு முடிந்தது.

ஓட்டத்தில் இருப்பவன்

நன்றி ஐயா. மூன்றாம் தரப்பு மட்டும் போட்டால் போதும் என்று சொல்கிற கூட்டாளிமாரும் இருக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற கிளெய்ம்காரர்

1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்குவது, நம் வாகனத்தால் இன்னொருவருக்கு உயிரிழப்போ உடற்காயமோ நேர்ந்தால் அதற்கான காப்பைத்தான். அது இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது. மற்றவரின் பொருள் சேதத்துக்கு அட்டவணையில் ஒரு உச்சவரம்பு போட்டிருப்பார்கள். ஒரு புது சொகுசு ஜீப்பின் பின்பக்கத்தில் இடித்தால் அந்த வரம்பு ஹெட்லைட்டுக்கும் பம்பருக்குமே காணாது. மிச்சத்தை நீங்கள் கட்டவேண்டும். உங்கள் சொந்த வண்டிக்கு ஒன்றும் இல்லை. வண்டியை வைத்துச் சோறு தின்கிறவர் மூன்றாம் தரப்போடு நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

புதுக்கடைச் சட்டத்தரணி

விபத்து நடந்த இடம் பற்றி நான் சொல்லவேண்டும். காப்புறுதி வழக்குகள் பல அங்கேதான் கெடுகின்றன.

முதலாவது, ‘பிழை என்னுடையதுதான், காசு தருகிறேன்’ என்று எழுதிக் கொடுக்காதீர்கள். கம்பனியின் சம்மதமில்லாமல் பொறுப்பை ஏற்கக்கூடாது என்று பொலிசியிலேயே நிபந்தனை உண்டு. காயப்பட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது வேறு, அதை உடனே செய்யுங்கள். பொலிஸார் வண்டியை ஒதுக்கச் சொன்னால் ஒதுக்குங்கள், அதற்கு முன் நான்கு பக்கமும் படம் எடுங்கள். சில்லு நின்ற இடமும் வீதியின் வெள்ளைக் கோடும் ஒரே படத்தில் தெரியட்டும்.

அடுத்தது பொலிஸ் முறைப்பாடு. கொழும்பில் உங்கள் வாக்குமூலத்தைப் பெரும்பாலும் சிங்களத்தில் எழுதுவார்கள். நீங்கள் தமிழில் சொல்ல, ஒருவர் மொழிபெயர்க்க, இன்னொருவர் எழுத, கடைசியில் வாசிக்கத் தெரியாத ஒரு பக்கத்தின் அடியில் கையெழுத்து வைப்பீர்கள். என்னிடம் வந்த ஒருவர் ‘பிரேக் அடித்தேன், வண்டி நிற்கவில்லை’ என்று சொல்லியிருந்தார். மழையில் சில்லு வழுக்கியது என்பதைத்தான் அப்படிச் சொன்னார். பதிவில் ‘பிரேக் வேலை செய்யவில்லை’ என்று இருந்தது. பழுதான வாகனத்தை ஓட்டியதாகக் கம்பனி அதைப் பிடித்துக்கொண்டது. அதை நேராக்க நாங்கள் பட்டபாடு கொஞ்சமல்ல.

தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. தமிழில் முறைப்பாடு எழுதச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. எழுதக்கூடியவர் அந்த நேரம் இல்லையென்றால், எழுதியதை வரி வரியாக வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அவசரப்படுத்தினாலும் பரவாயில்லை. பொலிசியையும் தமிழில் தரக் கேளுங்கள். தமிழ்ப் பிரதி இருக்கும் கம்பனிகள்கூட நாம் கேட்காததால் ஆங்கிலத்தில் தந்துவிடுகின்றன.

கிராண்ட்பாஸ் கராஜ்

சின்னக் கீறலுக்கெல்லாம் கிளெய்ம் போடுகிறவர்களுக்கும் ஒரு சொல். கிளெய்ம் இல்லாத வருடங்களுக்கான கட்டுப்பணக் கழிவு படிப்படியாக ஏறிவரும். ஒரு பம்பர் பெயின்டுக்காக அதை இழந்தால் அடுத்த வருடக் கட்டுப்பணத்தில் அதைவிடக் கூடப் போகும். முதலில் கராஜில் விலை கேட்டுவிட்டு யோசியுங்கள். ஆனால் ஆள் காயப்பட்டால் யோசனையே வேண்டாம், அறிவித்துவிடுங்கள்.

வெள்ளவத்தை வாசி

இரவிரவாக மச்சானோடு இருந்து எல்லாத் தாளையும் விரித்துப் பார்த்தோம். மூன்று வருடத்துக்கு முந்திய அட்டவணையில் இயற்கை அனர்த்தம் என்ற வரி இருக்கிறது. கடைசிப் புதுப்பித்தலில் இல்லை. எடுத்துவிடச் சொல்லி மச்சான் கேட்கவில்லை என்கிறார். புதுப்பித்தல் நினைவூட்டல் கடிதத்தில் ‘முன்னைய நிபந்தனைகளின்படி’ என்று எழுதியிருக்கிறது. முகவர் இப்போது தொலைபேசியை எடுக்கிறார் இல்லை. லீசிங் கம்பனியோ தவணையைக் கேட்டபடி.

ஓய்வுபெற்ற கிளெய்ம்காரர்

அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருங்கள் தம்பி. இது கேட்டுப் பார்க்கவேண்டிய விஷயம். கிடைக்கும் என்று உறுதி சொல்லமாட்டேன், ஆனால் விடக்கூடாது.

முகவரின் பின்னால் ஓடவேண்டாம். கம்பனியின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுத்தில் கொடுங்கள். முன்னைய அட்டவணை, நினைவூட்டல் கடிதம், கட்டிய பற்றுச்சீட்டு, புதிய அட்டவணை நான்கையும் இணைத்து, காப்பைக் குறைப்பதற்கு நான் எப்போது, எப்படிச் சம்மதித்தேன் என்று காட்டும்படி கேளுங்கள். வேறு கதை எழுதவேண்டாம். அவர்களும் எழுத்தில் பதில் தரவேண்டும்.

பதில் திருப்தியில்லை என்றால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடம் போகலாம், காப்புறுதி எடுத்தவரிடம் அதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. கோட்டையில் உலக வர்த்தக மையத்தின் கிழக்குக் கோபுரத்தில் இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு இருக்கிறது, அங்கேயும் முறைப்பாடு கொடுக்கலாம். தமிழிலேயே எழுதுங்கள்.

லீசிங் பக்கத்தை மறக்காதீர்கள். பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்று இருப்பது லீசிங் கம்பனி. கார் மொத்த இழப்பு என்று முடிவானால் காசு முதலில் அவர்களுக்குத்தான் போகும், மிச்சம் இருந்தால்தான் மச்சானுக்கு. அவர்களுக்கும் இந்தக் காப்பில் அக்கறை உண்டு. கடனுக்கான காப்புறுதியில் வெள்ளம் விடுபட்டதை அவர்கள் கவனித்தார்களா என்று அவர்களிடமும் எழுத்தில் கேளுங்கள், தவணையைத் தள்ளிப்போடவும் அதே கடிதத்தில் கேளுங்கள்.

புதுக்கடைச் சட்டத்தரணி

ஐயா சொன்ன கடிதத்தை எழுதிவிட்டு எனக்குத் தனிச்செய்தியில் போடுங்கள், பார்த்துத் தருகிறேன். காசு வேண்டாம். கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், நேரில் கொடுத்தால் பிரதியில் திகதியோடு முத்திரை வாங்குங்கள். வீட்டு இழப்பீட்டுக்கு ‘முழுமையானதும் இறுதியானதும்’ என்று ஒரு தாள் தந்தால், சராசரிக் கணக்கை விரிவாக எழுதித் தரும்வரை மச்சான் அதில் கையெழுத்து வைக்கவேண்டாம்.

வெள்ளவத்தை வாசி

அந்தத் தாள் நேற்றே வந்துவிட்டது. இன்னும் கையெழுத்து வைக்கவில்லை. கணக்கைக் கேட்டு இன்றே எழுதுகிறோம். வரைவை மாலைக்குள் உங்களுக்கு அனுப்பிவிடுகிறேன்.